பகலில் தெரியாத குளம்

எங்கள் வீட்டு நடு அறையின் தெற்குச் சுவரில் ஒரு குளம் இருக்கிறது. குளக்கட்டு, அதன்மேல் வரிசையாக நிற்கும் மருத மரங்கள், அலைகரையில் ஒற்றைக்காலில் தவமிருக்கும் கொக்குகள், நடுவில் விரிந்த தாமரைகள் எல்லாம் அதில் உண்டு. பகலில் வருபவர் எவரும் அதைக் கண்டதில்லை. அவர்கள் காண்பது வெளிறிய பாலாடை நிறம் பூசிய ஒரு சீமெந்துச் சுவரையும், அதில் சாத்தி வைத்திருக்கும் என் பெறாமகளின் சைக்கிளையும்தான்.

இரவில் கதவு யன்னல்களைச் சாத்தி, கழியூதா (யூவி) ரோச் லைற்றை அந்தச் சுவரில் பிடித்தால் வானமும் நீரும் நீலமாக விரிய, தாமரைகள் சிவந்து எழும்பும். ரோச்சை அணைத்தால் நீலமும் சிவப்பும் அக்கணமே போய்விடும். வானம் இருந்த இடத்தில் நட்சத்திரங்களும், நீர் இருந்த இடத்தில் அவற்றின் சாயலும் பச்சையாக நின்று ஒளிரும். பகலுக்கு ஒன்று, ரோச்சுக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என ஒரே சுவரில் மூன்று காட்சிகள். இதைச் செய்து முடிக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. பாடசாலையில் சித்திரம் படிப்பிப்பவள் என்பதால் வரைவது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. வரைந்ததை ஒளித்து வைப்பதற்குத்தான் அந்த ஏழு மாதங்களும் போயின.

இந்த வேலைக்குள் என்னை இழுத்து வந்தது ஒரு தேள். மார்கழி மழையில் விறகுக் கொட்டிலுக்குள் கருந்தேள் ஒன்று புகுந்துவிட்டதென்று அம்மம்மா கூப்பாடு போட, வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானில் கடை வைத்திருக்கும் அத்தான், ஐயாயிரம் ரூபாய்த் தாள்களைச் சோதிப்பதற்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த சிறிய ஊதா ரோச்சை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். சாதாரண ரோச் வெளிச்சத்தில் விறகும் தேளும் ஒரே கருமையாகத் தெரிந்த இடத்தில், ஊதா வெளிச்சம் பட்டதும் தேள் மட்டும் நீலப்பச்சையாக, வாலின் ஒவ்வொரு கணுவையும் எண்ணக்கூடியதாகப் பளிச்சென்று நின்றது. தேளின் மேலோட்டில் உள்ள சில சேர்வைகள் கழியூதாக் கதிரை விழுங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உமிழ்வதே இதற்குக் காரணம்; தோலுரித்த புதிதில் தேள் இப்படி ஒளிர்வதில்லை, ஓடு இறுக இறுகத்தான் ஒளிர்வும் ஏறும். அத்தான் தேளை ஒரு போத்தலுக்குள் தள்ளிக்கொண்டு காட்டுப்பக்கம் போய்விட்டார். ரோச் என்னிடம் தங்கிவிட்டது.

அன்றிரவு பெறாமகளும் நானும் அந்த ரோச்சோடு வீடு முழுவதும் சுற்றினோம். கொடியில் காய்ந்த பாடசாலைச் சீருடை நீல வெண்மையாக எரிந்தது. சலவைத்தூளில் துணியை வெண்மையாகக் காட்டுவதற்கென்று சேர்க்கும் பொருள் கழியூதாவில் ஒளிரக்கூடியது. அம்மியின் பள்ளங்களில் ஒட்டியிருந்த மஞ்சள், பச்சை கலந்த மஞ்சளாக மின்னியது. அவளுடைய கொப்பிகளுக்குப் போட்டிருந்த மண்ணிறத் தாள் உறைகள் மட்டும் ஒளிராமல் இருண்டு கிடந்தன. அந்த உறையில் நான் சலவைத்தூள் கரைத்த நீரால் அவளுடைய பெயரை எழுதிக் காயவிட்டு, அடுத்த நாள் இரவு ரோச்சைப் பிடித்துக் காட்டினேன். தன் பெயர் தாளுக்குள்ளிருந்து நீலமாகக் கிளம்பி வந்ததைக் கண்டதும் அவள் கேட்டது, "சித்தி, சுவரிலையும் இப்பிடிச் செய்யலாமோ?" என்பதுதான்.

இப்படி ரோச்சோடு வீடு சுற்றியவர்கள் எங்களுக்கு முன்பும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1933ஆம் ஆண்டு தலையில் அடிபட்டு, இருட்டறையில் இருந்து தேறிக்கொண்டிருந்த பொப் சுவிற்சரும், மந்திர வித்தை காட்டுவதில் ஆர்வங்கொண்ட அவருடைய தம்பி ஜோவும், தங்கள் தகப்பனாரின் மருந்துக் கடையில் ஒரு கழியூதா விளக்கோடு நுழைந்து, எந்தப் போத்தல் ஒளிர்கிறதென்று தேடினார்கள். ஒளிர்ந்தவற்றை வார்னிஷோடு கலந்து மேடை வித்தைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய அந்த வேலையே பின்னர் டே-குளோ என்ற பெரிய வர்ண நிறுவனமாக வளர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1845இல், மலேரியா மருந்தான கொயினாவின் கரைசல் மேற்பரப்பில் ஒரு நீல ஒளி தெரிவதை விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் எழுதி வைத்தார்; 1852இல் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் அதன் காரணத்தை விளக்கினார். மலேரியாக் காய்ச்சலோடு எத்தனையோ மாரிகளைக் கழித்த வன்னியில், கொயினாவின் கசப்பை அம்மம்மா இன்னும் மறக்கவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்த பிறகும் நுளம்பைக் கண்டால் அவருக்கு அந்தக் கசப்புத்தான் நாக்கில் வரும். அந்த மருந்து கழியூதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும் என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை.

சுவருக்கு இரண்டு வகை மருந்துகள், அதாவது ஒளிரும் தூள்கள், தேவைப்பட்டன. இரண்டையும் பலர் ஒன்றென்று நினைத்துக்கொள்வதால் அவற்றின் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது உடனொளிர்வு. கழியூதாக் கதிர் படும் வரையில் ஒளிரும். கதிர் நின்றால் தானும் நிற்கும். பெரும்பாலான சேதனச் சாயங்களில் அந்த ஒளி அடங்குவதற்குச் சில நனோசெக்கன்களே போதும். இரண்டாவது நின்றொளிர்வு. வாங்கிய ஒளியைத் தனக்குள் பிடித்து வைத்து, இருட்டில் சிறிது சிறிதாக விடுவது. வாய்க்காலுக்கும் குளத்துக்கும் உள்ள வேறுபாடு என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். வாய்க்காலில் மேலே தண்ணீரை மறித்தால் கீழே வரண்டுவிடும். குளமோ மாரியில் வாங்கியதைத் துருசு என்ற மதகின் வழியே கோடையில் செய்யும் சிறுபோகம் வரைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

குளத்தைப் போன்ற இந்த மருந்து இன்று பெரும்பாலும் ஸ்ரொன்சியம் அலுமினேற்று. அதில் யூரோப்பியமும் டிஸ்புரோசியமும் மிகச் சிறிதளவு கலந்திருக்கும். ஒளியைப் பிடித்து வைப்பதும் விடுவதும் அவற்றின் துணையால் நடக்கிறது. யப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993இல் இதை உருவாக்கும் வரை, செம்பு கலந்த நாக (சிங்க்) சல்பைட்டே பயன்பட்டது. அதன் ஒளி விரைவில் மங்கிவிடும். இருட்டில் ஒளிரும் எதையும் "ரேடியம்" என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. இந்த மருந்தில் கதிரியக்கம் எதுவும் இல்லை. ரேடியம் கலந்த பூச்சை 1917 தொடக்கம் அமெரிக்காவில் மணிக்கூட்டு முகங்களுக்குத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் ரேடியத்தை விழுங்கி, தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தார்கள். தூரிகையை வாயில் வைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அந்தக் கதையை வாசித்த நாளோடு விட்டுவிட்டேன். என் வகுப்பில் எந்த வர்ணமானாலும் அதற்கு அனுமதி கிடையாது.

மறைக்கப்பட்ட படத்துக்கு வாங்க வேண்டிய உடனொளிர் மருந்து, கடைகளில் கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக இருக்கும் வர்ணங்களைச் சேர்ந்ததன்று. அவை பகல் வெளிச்சத்தையும் விழுங்கி ஒளிர்வதால் பகலிலேயே கத்திக்கொண்டு நிற்கும். நமக்கு வேண்டியது கழியூதாவை மட்டும் விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தொடாமல் விடும் வகை. அது போத்தலில் வெறும் வெள்ளைத் தூளாகத் தெரியும். சிவப்பாக ஒளிரப்போகும் தூளையும் நீலமாக ஒளிரப்போகும் தூளையும் பகலில் பிரித்தறிய முடியாது என்பதால், போத்தல்களின் மூடியில் பெயர் எழுதாமல் வேலை தொடங்கக்கூடாது. நான் தொடங்கினேன். முதல் கொக்கு சிவப்பாக வந்தது.

அந்த முதல் முயற்சியை வெள்ளைப் பிறிஸ்டல் மட்டையில் செய்தேன். ரோச்சைப் பிடித்தபோது மட்டை முழுவதும் நீலமாக ஒளிர, நான் தீட்டிய இடங்கள் அழுக்குக் கறைபோல அதன்மேல் இருண்டு தெரிந்தன. சீருடையில் இருந்த அதே வெண்மையூட்டி மட்டையிலும் இருந்தது. அதன் பின்னர், எதில் வரைவதானாலும் முதலில் ரோச்சைப் பிடித்துப் பார்த்து, ஒளிராமல் இருண்டு கிடப்பதை மட்டுமே தெரிவு செய்கிறேன். சுவருக்குப் பூசும் சாதாரண வெள்ளை எமல்ஷன் இதற்கு நல்லது. அதை வெள்ளையாக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு கழியூதாவை விழுங்கித் தான் ஒளிராமல் இருந்துவிடும். இதே காரணத்தால் ஒளிரும் தூளை வெள்ளைப் பெயின்றுக்குள் கலந்துவிடக்கூடாது. வெள்ளை அதற்கு எட்ட வேண்டிய கதிரை முந்தி விழுங்கிவிடும். தூளை நிறமற்ற அக்ரிலிக் பசையில் கலந்து வெள்ளையின் மேலே பூசவேண்டும்.

இரண்டாவது பாடம் நின்றொளிரும் தூளிடமிருந்து வந்தது. கொழும்பிலிருந்து தபாலில் வந்த அரைக் கிலோத் தூளை, நீர் சேர்ந்த பசையில் மொத்தமாகக் கலந்து மூடி வைத்துவிட்டு, தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தப் போய்விட்டேன். இரண்டு கிழமை கழித்துத் திறந்தபோது போத்தலுக்குள் சாம்பல் பாய்ந்த ஒரு கட்டி இருந்தது; கரண்டியால் தட்டினால் கல்லைப்போல ஒலித்தது. மேற்பூச்சு இல்லாத ஸ்ரொன்சியம் அலுமினேற்று நீரோடு சேர்ந்தால் சீமெந்தைப்போல இறுகிவிடும், அதோடு ஒளிர்வும் போய்விடும் என்பதை அதன் பிறகுதான் படித்தேன். நீர்புகாதபடி பூச்சிட்ட தூளும் விற்பனைக்கு உண்டு. சற்று விலை கூட. வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. இப்போது பூச்சிட்ட தூளையே வாங்கி, அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் அன்றே கலக்கிறேன். ஒரு பங்கு தூளுக்கு மூன்று பங்கு தடித்த பசை என்பது எனக்குச் சரிவந்த அளவு. தூள் பாரமானது, நீர்த்த பசையில் கலந்தால் நொடியில் அடியில் போய்த் தங்கிவிடும். கலக்குவதற்கு இரும்புக் கரண்டியைப் பயன்படுத்தவேண்டாம். தூளின் மணிகள் கடினமானவை என்பதால் இரும்பை உரசி எடுத்துத் தாமும் கறுத்துப்போகும். ஈர்க்கிலோ ஐஸ்கிறீம் குச்சியோ போதும். மணிகளை நசுக்கி மாவாக்க முயல்வதும் வேண்டாம். மணி சிறுத்தால் ஒளியும் சிறுத்துவிடும்.

இவ்வளவும் சரியாக வந்த பிறகும் படம் பகலில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் பெறாமகள். நேரே நின்று பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று நான் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவள் சுவரில் கன்னத்தை ஒட்டி யன்னல் பக்கமாகப் பார்த்துவிட்டு, "சித்தி, இஞ்சை ரெண்டு கொக்கு நிக்குது" என்றாள். நானும் கன்னத்தை ஒட்டினேன். பசை பட்ட இடங்களெல்லாம் நத்தை ஊர்ந்த தடம்போல மினுங்கின. தூரிகையின் மயிர்க்கோடுகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எமல்ஷன் மினுக்கமற்றது, பசை மினுக்கமுள்ளது. நிறத்தை மறைத்துவிட்டாய், மினுக்கத்தை மறைக்கவில்லையா என்று சுவர் கேட்டது.

அதற்கு மருந்து, படம் உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒன்றாக்கிவிடுவது. மினுக்கமற்ற தெளிபூச்சைச் சுவர் முழுவதும், மூலை முடுக்கு விடாமல், பஞ்சு உருளையால் இரண்டு தடவை பூசினேன். உருளை விடும் சிறு புள்ளிகள் தூரிகைக் கோடுகளையும் விழுங்கிவிட்டன. இதில் ஒரு ஆபத்து உண்டு. வெளிச்சுவருக்கென்று விற்கும் தெளிபூச்சுகள் பலவற்றில் வெயிலிலிருந்து காப்பதற்காகக் கழியூதாவைத் தடுக்கும் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அதைப் பூசினால் படம் என்றென்றைக்கும் மறைந்துபோகும். ஒரு கண்ணாடித் துண்டில் பூச்சைத் தீட்டிக் காயவிட்டு, அதனூடாக ரோச்சைப் பிடித்து, பின்னால் உள்ள தூள் ஒளிர்கிறதா என்று பார்த்த பிறகே நான் சுவரில் கைவைத்தேன்.

நின்றொளிரும் தூளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. உடனொளிர் தூளைப்போல அது சுத்த வெள்ளை இல்லை. பச்சை ஓடிய மஞ்சள் சாயல் அதில் உண்டு. மூன்று தடவை தடிப்பாகப் பூசினால்தான் நன்றாக ஒளிரும், மூன்று தடவை பூசினால் வெள்ளைச் சுவரில் வெண்ணெய் பூசியதுபோலத் தெரியும். தூளை மாற்ற முடியாது என்பதால் சுவரை மாற்றினேன். வெள்ளை எமல்ஷனில் மஞ்சளும் ஒரு துளி பச்சையும் சேர்த்து, தூளின் நிறத்துக்கே சுவரைக் கொண்டுவந்தேன். நட்சத்திரங்கள் வரும் இடங்களில் மட்டும் அடியில் வெள்ளையை விட்டுவைத்தேன். பின்னோக்கிப் போகும் ஒளியை வெள்ளை திருப்பி அனுப்பும் என்பதால் பிரகாசம் கூடும். பாலாடை நிறத்தைக் கண்ட அயலவர் ஒருவர், ஏன் பிள்ளை கோயில் மடம் மாதிரிப் பூசி வைச்சிருக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசிச் சிக்கலை நான் எதிர்பார்த்திருக்கவேண்டும். ரோச்சைப் பிடித்தால் தாமரையும் கொக்கும் மட்டும் வரவேண்டும், அணைத்த பிறகுதான் நட்சத்திரங்கள் வரவேண்டும் என்பது என் திட்டம். நின்றொளிரும் தூளும் கழியூதா படும்போதே ஒளிரும் என்பதை மறந்துபோனேன். ரோச்சைப் பிடித்ததும் எல்லாம் ஒன்றாக எழும்பிச் சந்தைக்கடைபோல ஆகிவிட்டது. மூன்று நாட்கள் சுவரைப் பார்க்காமலே திரிந்தேன். பிறகு ஒளியை ஒளிக்குள்ளேயே மறைக்கலாம் என்று தோன்றியது. நட்சத்திரங்களின் மேலாக, வானம் முழுவதற்கும் நீர் முழுவதற்கும், நீலமாக ஒளிரும் தூளை மெல்லியதாகப் பூசினேன். ரோச் எரியும்போது நீலத்தின் பிரகாசத்தில் பச்சைப் புள்ளிகள் அமிழ்ந்துபோகின்றன. கூர்ந்து பார்த்தால் அங்கங்கே சற்றுப் பச்சை ஓடியிருப்பது தெரியும், அவ்வளவுதான். அணைத்தால் நீலம் கணத்தில் போய்விட, பச்சை நிற்கிறது. அந்த நீல ஒளியே கீழுள்ள தூளை ஊட்டவும் செய்கிறது என்பது எனக்குக் கிடைத்த இலாபம்.

ரோச்சைப் பற்றியும் இரண்டு சொல். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395 நனோமீற்றர் அலைநீளத்தைத் தருபவை. அவை கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்தையும் கொட்டுவதால் சுவர் முழுவதும் ஊதாவாகி, படம் அதற்குள் கலங்கித் தெரியும். 365 நனோமீற்றர் ரோச், அதிலும் முகப்பில் கறுத்த வடிகண்ணாடி பொருத்தியது, தான் தெரியாமல் படத்தை மட்டும் காட்டும். ஆனால் வெளிச்சம் தெரியவில்லை என்பதற்காகக் கதிர் இல்லையென்று ஆகாது. அதைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக்கூடாது. பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன் நான் அவளுக்குச் சொன்ன ஒரே சட்டம் அதுதான்.

நட்சத்திரங்கள் நிறைவதற்குப் பகல் வெளிச்சமோ அறையின் வெள்ளை எல்ஈடி பல்போ பத்து நிமிடம் பட்டால் போதும். அணைத்த முதல் கால் மணித்தியாலம்தான் உச்சம்; பிறகு மங்கிக்கொண்டே போனாலும் விடியப்புறம் எழும்பிப் பார்ப்பவருக்கும் தெரியும், ஏனெனில் இருட்டுக்கு முழுதாகப் பழக நம் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடங்கள் வேண்டும், பழகிய கண் மிகச் சிறிய பச்சையையும் விடாது. செவ்வொளி இந்த மருந்தை நிறைக்காது. நாங்கள் சிறுவயதில் ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சட் சிவப்பு வெளிச்சத்தில் நீலம் மிகச் சொற்பம் என்பதால், அந்த ஆண்டுகளில் இப்படி ஒரு சுவர் இருந்திருந்தாலும் இரவில் வெறுஞ்சுவராகவே இருந்திருக்கும். அன்றைக்கு எங்களுக்கு வானத்தில் வேறு வெளிச்சங்கள் தெரிந்தன. அவற்றை நான் வரையவில்லை.

சுவர் முடிந்த அன்றிரவு அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, பல்பை அணைத்து, ரோச்சைப் பெறாமகளிடம் கொடுத்தோம். அவள் சுவரின் இடப்பக்க மூலையிலிருந்து மெல்ல மெல்ல வெளிச்சத்தை நகர்த்தினாள். குளக்கட்டு வந்தது, மருத மரங்கள் வந்தன, கொக்குகள் வந்தன, தாமரைகள் வந்தன. அணைத்தாள். நட்சத்திரங்கள் வந்தன. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரை நம்பி நாற்பது வருடம் வயல் செய்த அம்மம்மா ஒன்றும் பேசாமல் இருட்டில் இருந்தார். திரும்பவும் ரோச்சைப் பிடிக்கச் சொன்னார். கட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தார்.

"துருசு எங்கை பிள்ளை?"

நான் துருசை வரைந்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, மிச்சமிருந்த தூளில் கொஞ்சம் கலந்து, கட்டின் நடுவில் துருசை வைத்து, அதிலிருந்து ஒரு வாய்க்காலை நிலம் வரைக்கும் இழுத்தேன். தெளிபூச்சு போதாமல் போனதால் அந்த இடம் மட்டும் இன்னும் மினுங்குகிறது; சைக்கிளைச் சற்றுத் தள்ளிச் சாத்தியிருக்கிறோம்.